யார் வேணா எழுதலாம்னா, யார் சரிபார்ப்பது? தமிழ் விக்கிப்பீடியா பற்றி ஒரு நீண்ட இழை

இது கொஞ்சம் நீளமான இழை. அவசரத்துல இருக்கிறவங்க சேமிச்சு வச்சுக்கிட்டு சாயங்காலம் படிங்க.

"விக்கிப்பீடியாவுல படிச்சுட்டு வந்து கேள்வி கேக்குற பேஷண்ட்டை எப்படிச் சமாளிக்கிறது சார்?"ன்னு ஹவுஸ் சர்ஜன் ஒருத்தர் கேட்டிருந்தார். "சமாளிக்காதீங்க, என்ன படிச்சாங்கன்னு கேளுங்க"ன்னு ஒரு வரியில பதில் போட்டேன். அதுக்குக் கீழ நிறைய பேர் விக்கிப்பீடியாவைத் திட்டியிருந்தாங்க. "யார் வேணா எழுதலாம், எவன் வேணா மாத்தலாம், அதை நம்பி மருந்தா?"

பாதி நியாயம். மீதிப் பாதிக்குத்தான் இந்த இழை.

முதல்ல எங்க ஊர் நிலவரம். ஓசூர் பக்கம் ஓபியில உட்கார்ந்தா, ஒரே காலையில சர்க்கரை நோய்க்கு நாலு பேர் கேட்கும். சூளகிரிக்காரர் "சுகர்"ம்பார். தளிப் பக்கத்துப் பாட்டி "சக்கரெ காயிலெ"ம்பாங்க. பாகலூர் ரோட்டுல குடியிருக்கிற தெலுங்குக் குடும்பம் "ஷுகர் ஜப்பு"ம்பாங்க. சிப்காட் கம்பெனியில வேலை பார்க்குற ஒடிசாப் பையன் போனை நீட்டி, அதுல இருக்கிற எழுத்தைக் காட்டுவான். அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகா. பெரிய வியாதின்னா பஸ் ஏறி பெங்களூர் போறதுதான் இங்க வழக்கம். அங்க கொடுக்கிற டிஸ்சார்ஜ் சம்மரி முழுக்க இங்கிலீஷ். வீட்டுக்கு வந்ததும் பிளஸ் டூ படிக்கிற பொண்ணு அதுல இருக்கிற நோயோட பேரைப் போன்ல தட்டித் தமிழ்ல தேடும். மேலே வந்து நிக்கிற சில முடிவுகள்ல தமிழ் விக்கிப்பீடியாவும் ஒண்ணு. இப்ப ஏஐகிட்ட கேட்டாலும், அது படிச்சு வளர்ந்த தமிழ்ல விக்கிப்பீடியாவுக்குப் பெரிய பங்கு இருக்கு.

அதனால "அதையெல்லாம் படிக்காதீங்க"ன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல. படிக்கத்தான் போறாங்க. அங்க என்ன எழுதியிருக்கு, அதை யார் பார்க்கிறாங்கங்கிறதுதான் நம்ம கவலையா இருக்கணும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003-ல ஆரம்பிச்சது. அதை ஆரம்பத்துல தன்னந்தனியாத் தூக்கி நிறுத்தினவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், தொழில்ல கட்டடக் கலைஞர், ஐக்கிய அரபு அமீரகத்துல வேலை பார்த்துக்கிட்டே ராத்திரி உட்கார்ந்து எழுதினவர். ஆயிரக்கணக்கான கட்டுரைகள். ஒரு பைசா சம்பளம் கிடையாது. 2017 மே மாசம் கட்டுரை எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டுச்சு. ஆனா மாசாமாசம் தொடர்ந்து வேலை பார்க்கிறவங்க சில நூறு பேர்தான். கோடிக்கணக்கான தமிழருக்குச் சில நூறு பேர். இந்த விகிதத்தை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

இப்ப கூகுள் கதை. பலருக்கு இது தெரியாது.

2009 வாக்குல கூகுள் ஒரு வேலை ஆரம்பிச்சது. இங்கிலீஷ் விக்கிப்பீடியா கட்டுரைகளைத் தன்னோட மொழிபெயர்ப்புக் கருவி மூலமா, காசு கொடுத்து வச்ச மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, குஜராத்தி, அரபுன்னு பல மொழிகளுக்கு மாத்தி ஏத்துறது. கேக்க நல்லாத்தான் இருக்கு. இணையத்துல தமிழ் எழுத்து கம்மி, அதைக் கூட்டுறாங்க, நமக்கு லாபம்தானேன்னு தோணும்.

தமிழ் விக்கிப்பீடியாவுல நூற்றுக்கணக்கான நீள நீளமான கட்டுரைகள் வந்து விழுந்துச்சு. அமெரிக்கப் பாடகர்கள், ஹாலிவுட் படங்கள், கம்பெனிகள், நடுநடுவுல நோய்கள், மருந்துகள். தமிழ் வாசகருக்கு எது வேணும்னு யாரும் கேக்கல. வாக்கியம் இங்கிலீஷ் எலும்பு மேல தமிழ்த் தோல் போர்த்தின மாதிரி இருந்துச்சு. எழுத்துப்பிழை, உடைஞ்ச வார்ப்புரு, எங்கேயும் போகாத இணைப்புகள். எல்லாத்தையும் விடப் பெரிய பிரச்சினை, எழுதினவங்க திரும்பி வரல. பேச்சுப் பக்கத்துல "ஐயா, இந்த வரிக்கு என்ன அர்த்தம்?"னு கேட்டா பதில் சொல்ல ஆள் இல்ல. அவங்களுக்குச் சொல் கணக்குல கூலி. திருத்துறவங்களுக்கு அதுவும் இல்ல.

மருத்துவத்துல இந்த மாதிரி மொழிபெயர்ப்பு எங்க கவிழும்னு சில மாதிரி சொல்றேன். "ட்ரக்"ங்கிற இங்கிலீஷ் சொல் மருந்தும் ஆகும், போதைப்பொருளும் ஆகும். "ஸ்பூட்டம் கல்ச்சர்"ங்கிறதை மெஷின்கிட்ட விட்டா "சளிப் பண்பாடு"ன்னு கொடுக்கலாம். "லேபர் வார்டு" தொழிலாளர் வார்டு ஆயிடும். ஓசூர்ல அதை நம்பவும் செய்வாங்க, ஊர் முழுக்கத் தொழிலாளர்தானே.

இதெல்லாம் சிரிக்கிற தப்பு. படிக்கிறவங்களுக்கே ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சுடும். பயமுறுத்துற தப்பு வேற ரகம். தமிழ்ல "கூடாது", "இல்லை" எல்லாம் வாக்கியத்தோட கடைசியில வரும். நாலு வரி நீளத்துக்கு இங்கிலீஷ் வாக்கியத்தை அப்படியே இழுத்துக்கிட்டு வந்தா அந்தக் கடைசிச் சொல் எங்கேயோ விழுந்துடும். "கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது" "கொடுக்கலாம்"னு மாற ஒரு சொல் போதும். மைக்ரோகிராமுக்கு மில்லிகிராம்னு போட்டா அளவு ஆயிரம் மடங்கு. இந்தத் தப்பெல்லாம் படிக்க ரொம்பச் சரளமா இருக்கும். யாருக்கும் சந்தேகமே வராது.

சரி, தமிழ் விக்கிப்பீடியர்கள் என்ன பண்ணாங்க? இங்கதான் அவங்க மேல எனக்கு மரியாதை. அதே திட்டம் வந்தப்ப வங்காள விக்கிப்பீடியர்கள் கதவைச் சாத்தினாங்க. நம்மவங்க சாத்தவும் இல்ல, வாயை மூடிக்கிட்டு வாங்கி வைக்கவும் இல்ல. கட்டுரை கட்டுரையாப் பார்த்துக் குறை எழுதினாங்க. புதுசா ஏத்துறதை நிறுத்துங்க, முதல்ல போட்டதைச் சரி பண்ணுங்க, தலைப்பை எங்களைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கன்னு கூகுள்கிட்ட உட்கார்ந்து பேசினாங்க. 2010-ல போலந்து நாட்டு க்தான்ஸ்க் நகர்ல நடந்த விக்கிமேனியா மாநாட்டுல அ. இரவிசங்கர் இதைப் பத்தி ஒரு விரிவான மதிப்பாய்வை முன்வச்சார். உலகத்துல இருந்த மத்த சின்ன மொழிக்காரங்களும் அதைக் கவனிச்சாங்க. காசு, கருவி, ஆள்பலம் எல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஆபீஸ் முடிஞ்சு வந்து ராத்திரி உட்கார்ற சில தமிழர்கள். "எங்க வீட்டுல கொட்டணும்னா தரம் பார்த்துத்தான்"னு அவங்க சொன்னாங்க.

அந்தத் திட்டம் முடிஞ்ச பிறகும் அந்தக் கட்டுரைகளைத் திருத்துற வேலை வருஷக்கணக்குல ஓடுச்சு. கொட்டினது ஒருத்தர், கூட்டினது இன்னொருத்தர்.

இதைச் சொன்னா உடனே என் சக டாக்டர்கள் ஒரு தீர்வு சொல்வாங்க. "மருத்துவப் பக்கங்களைப் பூட்டிடுங்க. டாக்டர்கள் மட்டும் எழுதட்டும்."

இதுல எனக்கு உடன்பாடு இல்ல. காரணம் சொல்றேன்.

விக்கிப்பீடியாவுக்கு முன்னாடி அதே ஆட்கள் நியூப்பீடியான்னு ஒண்ணு நடத்தினாங்க, 2000-ல தொடங்கி. நிபுணர்கள் மட்டும் எழுதணும், ஏழு கட்டப் பரிசோதனை. 2003-ல மூடுறதுக்குள்ள முழுசா முடிஞ்ச கட்டுரை சுமார் 25. தரம் இருந்துச்சு, சரக்கு இல்ல.

தமிழ்ல இதைவிடப் பெருமையான நிபுணர் முயற்சி நடந்திருக்கு. தமிழ் வளர்ச்சிக் கழகத்தோட கலைக்களஞ்சியம். பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியர். 1954-லேருந்து 1968 வரைக்கும் 10 தொகுதிகள். அந்தக் காலத்துல இந்திய மொழிகள்லயே பெரிய சாதனை. கையில எடுத்துப் பார்க்கிறப்ப இன்னைக்கும் சிலிர்க்கும். ஆனா அந்தப் புத்தகம் வந்த காலத்துல பெரியம்மை உயிரோட இருந்த நோய். இந்தியாவுல கடைசி பெரியம்மை 1975-ல. உலகத்துல ஒழிஞ்சதுன்னு அறிவிச்சது 1980-ல. அச்சுல ஏறின பக்கம் தன்னைத் தானே திருத்திக்காது. மருத்துவத்துல சரியா எழுதுறது பாதி வேலைதான். எழுதினதைச் சரியாவே வச்சிருக்கிறதுதான் பெரிய வேலை.

உதாரணம் காசநோய். அரசுத் திட்டத்துல முன்னாடி வாரத்துக்கு மூணு நாள் மாத்திரை. 2017-லேருந்து தினமும், எடைக்கேத்த அளவுல. 2020-ல திட்டத்தோட பேரே மாறிடுச்சு. 2015-ல ஒரு நல்ல மனுஷன் சரியான ஆதாரத்தோட "வாரம் மூணு நாள்"னு எழுதியிருந்தா, அவர் மேல தப்பே இல்ல. ஆனா இன்னைக்கு அந்த வரி ஆபத்து. சிப்காட்ல ஷிப்ட் வேலை பார்த்துக்கிட்டு, பத்துப் பேர் ஒரே ரூம்ல தங்கியிருக்கிற பையன் அதைப் படிச்சுட்டு "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா போதும் போல"ன்னு நினைச்சா, மருந்துக்கு அடங்காத காசநோய் அந்த ரூம்ல உட்கார்ந்துடும்.

நாய்க்கடியும் அப்படித்தான். "தொப்புளைச் சுத்தி 14 ஊசி"ங்கிற பயம் இன்னும் எங்க பக்கம் இருக்கு. அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமத்துல அந்தப் பயத்துலயே ஆஸ்பத்திரிக்கு வராம இருக்கிறவங்க உண்டு. அந்தப் பழைய தடுப்பூசி தயாரிக்கிறதே 2004-ஓட இந்தியாவுல நின்னு போச்சு. இப்ப அரசு ஆஸ்பத்திரியில கையிலதான் ஊசி, தோலுக்குள்ள, 0, 3, 7, 28-வது நாட்கள்ல. கடிபட்ட உடனே சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும். ஆழமான கடின்னா காயத்தைச் சுத்தி இன்னொரு மருந்தும் போடணும். இதுல ஒரு வரி பழசா இருந்தாலும் ஒரு உயிர் போகலாம். ரேபிஸ் வந்துட்டா எங்களால எதுவும் பண்ண முடியாது.

இதைத் தொடர்ந்து கவனிக்கிறதுக்கு டாக்டர்கள் மட்டும் போதுமா? எங்களுக்கு நேரம் எங்க இருக்கு? இன்னொரு கேள்வியும் இருக்கு: டாக்டர் எழுதினதை யார் சரிபார்ப்பா? எம்பிபிஎஸ் முடிச்சவங்களே வாட்ஸ்அப்ல என்னென்ன ஃபார்வர்ட் பண்றாங்கன்னு பார்க்கிறீங்கல்ல? பட்டம் ஆதாரம் ஆகாது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

ஆஸ்பத்திரியிலேயே இதுக்கு ஒரு பழைய பழக்கம் இருக்கு. கேஸ் ஷீட்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு கேஸ் ஷீட்ல எத்தனை கை எழுதுது? டூட்டி டாக்டர், ஹவுஸ் சர்ஜன், யூனிட் சீஃப், ஸ்டாஃப் நர்ஸ், மயக்க மருந்து டாக்டர், லேப். ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் மாறும். கூட்டா எழுதுற ஆவணம்னா அதுதான் அசல். அது குழம்பாம இருக்கிறது எதனால? எழுதுறவங்க எல்லாரும் மேதைகள்ங்கிறதால இல்ல. சில ஒழுக்கங்கள்னால. எழுதினா தேதி, நேரம், கையெழுத்து. தப்பா எழுதிட்டா வைட்னர் போடக் கூடாது. ஒரே கோடு போட்டு அடிக்கணும், அடிச்சது கீழ படிக்கிற மாதிரித் தெரியணும். மருந்துப் பேரைச் சுருக்கக் கூடாது. "பேஷண்ட் நல்லா இருக்கார்"னு எழுதக் கூடாது. நாடித்துடிப்பு எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவுன்னு எழுதணும்.

விக்கிப்பீடியாவுல ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல "வரலாறு"ன்னு ஒரு தாவல் இருக்கு. பெரும்பாலானவங்க அதை அழுத்தினதே இல்ல. அழுத்திப் பாருங்க. யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தச் சொல்லை மாத்தினாங்கன்னு முதல் நாள்லேருந்து இருக்கும். அடிச்சது கீழ அப்படியே தெரியும். "பேச்சு"ன்னு இன்னொரு தாவல். அது வார்டு ரவுண்ட்ஸ்ல நடக்கிற விவாதம். எல்லாருக்கும் பொதுவா பேசுற இடத்துக்கு ஆலமரத்தடின்னே பேர் வச்சிருக்காங்க, ரொம்பப் பிடிச்ச பேர் எனக்கு. ஆதாரம் இல்லாத வரிக்குப் பக்கத்துல "சான்று தேவை"ன்னு குறி போடலாம். யார் வேணா போடலாம். நீங்களும்.

என் கருத்து இதுதான்: எழுதுறவர் யாருங்கிறது முக்கியம் இல்ல, எழுதின வரியை இன்னொருத்தர் சரிபார்க்க முடியுமாங்கிறதுதான் முக்கியம். நல்ல மூலத்தைக் காட்டி எட்டாவது படிச்ச ஒருத்தர் எழுதினதை நான் ஏத்துக்குவேன். மூலமே இல்லாம ஒரு பேராசிரியர் எழுதினதை ஏத்துக்க மாட்டேன். "என் இருபது வருஷ அனுபவத்துல"ன்னு ஆரம்பிக்கிற வரிக்கு அங்க இடமே இல்ல, சொந்த ஆய்வு கூடாதுங்கிறது விக்கிப்பீடியாவோட அடிப்படை விதி. எங்க மாவட்டத்துல ஃபுளோரைடு தண்ணியால பல் கறை பிடிச்ச பிள்ளைகளை இங்க இருக்கிற டாக்டர்கள் எல்லாருமே பார்த்திருப்போம். அதுக்காக "நான் பார்த்தேன்"னு அங்க எழுத முடியாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாதுங்கிற உலக சுகாதார நிறுவன அளவு, 2013-ல தொடங்கி வச்ச ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், வெளியான ஆய்வுகள், இப்படி வெளியில இருக்கிற ஆதாரத்தை வச்சுத்தான் எழுதணும். முதல்ல எரிச்சலா இருக்கும். யோசிச்சா, அந்த விதி இல்லன்னா "நான் புற்றுநோயைக் குணப்படுத்தினேன்"னு சொல்றவரையும் தடுக்க முடியாது.

அந்த இடத்துக்குத்தான் வர்றேன். மூலிகை.

தமிழ்ல மூலிகைக் கட்டுரைகள் நிறைய. பாதிக்கு "மருத்துவக் குணங்கள்"னு ஒரு பகுதி. அதுல ஒரு வினைச்சொல் விளையாட்டு நடக்கும். "சித்த மருத்துவத்தில் பயன்படுத்தப்படுகிறது"ங்கிறது ஒரு தகவல். சித்த நூலைக் காட்டிச் சொல்லலாம், எனக்கு ஆட்சேபணை இல்ல. "குணப்படுத்தும்"ங்கிறது வேற. அதுக்கு நோயாளிகள் மேல நடந்த ஆய்வு வேணும், அதுவும் ஒண்ணு ரெண்டு போதாது, பல ஆய்வுகளைச் சேர்த்து அலசின முடிவு வேணும். டெங்கு சமயத்துல தமிழ்நாடு அரசு நிலவேம்புக் குடிநீர் கொடுத்துச்சுங்கிறது வரலாறு. "நிலவேம்பு டெங்குவைக் குணப்படுத்தும்"ங்கிறது வேற வாக்கியம். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியிலதான் தட்டணு குறைஞ்ச குழந்தையை மூணு நாள் தாமதமாத் தூக்கிட்டு வர்றாங்க.

இன்னொண்ணு சொல்றேன். செங்காந்தள், நம்ம மாநில மலர். அதோட இன்னொரு பேர் கண்வலிக்கிழங்கு. அந்தக் கிழங்குல கொல்கிசின்ங்கிற நஞ்சு இருக்கு. சாப்பிட்டா வாந்தி, பேதியில ஆரம்பிச்சு எலும்பு மஜ்ஜை வரைக்கும் அடிக்கும். சாப்பிடுற கிழங்குன்னு நினைச்சுச் சமைச்சவங்க உயிரை விட்டிருக்காங்க. பேரே "கிழங்கு", கூடவே "கண்வலி"ன்னு ஒரு நோயோட பேர். இந்த மாதிரி பக்கத்துல மருத்துவக் குணத்தை மேலேயும் நஞ்சைக் கீழேயும் வச்சா, போன்ல முதல் நாலு வரி மட்டும் படிக்கிறவருக்கு என்ன ஆகும்? வரிசைகூடத் தரம்தான்.

நான் கொஞ்சம் கறாரான ஆள்னு வச்சுக்கோங்க. சினிமாக் கட்டுரையில தப்பு இருந்தா "சான்று தேவை"ன்னு குறி போட்டுக் காத்திருக்கலாம். மருந்து அளவு, சிகிச்சை, நஞ்சு, கர்ப்பம், குழந்தை, இந்த விஷயங்கள்ல ஆதாரம் இல்லாத வரியைக் குறி போட்டு வைக்கக் கூடாது, எடுத்துடணும். காலியா இருக்கிற பக்கம் ஆளை டாக்டர்கிட்ட அனுப்பும். தப்பா நிரம்பின பக்கம் வீட்டிலேயே உட்கார வைக்கும். இதுக்கு எதிர்க்கட்சி உண்டு. "இப்படி எடுத்துக்கிட்டே இருந்தா புதுசா வர்றவங்க மனசு உடைஞ்சு போயிடுவாங்க, சமூகம் வளராது"ன்னு சொல்வாங்க. உண்மைதான். முதல் நாள் ஆசையா எழுதின பதினைஞ்சு வரியை ஒருத்தர் பதினைஞ்சு நொடியில அழிச்சா யாருக்குத்தான் வலிக்காது? அதனால அழிச்சவங்க பேச்சுப் பக்கத்துல ரெண்டு வரி எழுதணும்: ஏன் எடுத்தேன், என்ன மூலம் கொண்டு வந்தா திரும்பச் சேர்க்கலாம். ஹவுஸ் சர்ஜன் எழுதின ஆர்டரை சீஃப் அடிக்கும்போது காரணம் சொன்னா பையன் கத்துக்குவான், சொல்லலன்னா வெறுத்துடுவான். அதே கதைதான்.

எண்ணிக்கை ஆசை பத்தியும் பேசணும். பிலிப்பைன்ஸ்ல பேசுற செபுவானோ மொழி விக்கிப்பீடியாவுல 60 லட்சத்துக்கு மேல கட்டுரை, உலகத்துல இங்கிலீஷுக்கு அடுத்த இடம். பெரும்பாலும் ஒரு ஸ்வீடன்காரரோட தானியங்கி எழுதினது. ஸ்காட்ஸ் மொழியில இன்னும் மோசம். அந்த மொழியே தெரியாத ஒரு அமெரிக்கப் பையன் வருஷக்கணக்குல உட்கார்ந்து இருபதாயிரத்துக்கு மேல கட்டுரை எழுதியிருக்கான். கெட்ட எண்ணம் இல்ல, ஆர்வம்தான். 2020-லதான் ஊருக்கே தெரிஞ்சது. பார்க்க ஆள் இல்லாத வீடு அப்படித்தான் ஆகும்.

நம்ம பக்கம் தானியங்கி ஓடலையான்னா, ஓடிருக்கு. நீச்சல்காரன் எழுதின நிரல் மூலமா தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு ஆயிரக்கணக்குல கட்டுரை உருவாச்சு. ஆனா அதுக்கு அரசுத் தரவு மூலம் இருந்துச்சு, அட்டவணை மாதிரி தகவல், சமூகத்துல பேசிட்டுச் செஞ்சது. இந்த வேலைக்கு மெஷின் சரி. ஊராட்சியில எத்தனை குடிநீர் இணைப்புன்னு மெஷின் எழுதட்டும். வலிப்பு வந்தா என்ன பண்ணணும்னு மெஷின் எழுதி, யாரும் படிக்காம ஏத்தக் கூடாது. இப்ப மொழிபெயர்ப்புக் கருவிகள் 2009-ஐ விடப் பல மடங்கு நல்லா இருக்கு. அதனாலதான் பயம் ஜாஸ்தி. அப்ப தப்பு உடைஞ்ச தமிழ்ல வந்துச்சு, கண்டுபிடிச்சிடலாம். இப்ப அழகான தமிழ்ல வருது.

போட்டி நடத்துறதுலயும் வித்தியாசம் இருக்கு. 2018-லயும் அப்புறம் 2019-20லயும் வேங்கைத் திட்டம்னு இந்திய மொழிகளுக்கு நடுவுல ஒரு கட்டுரைப் போட்டி நடந்துச்சு. முதல் தடவை பஞ்சாபி ஜெயிச்சது, தமிழ் ரெண்டாவது. அடுத்த தடவை தமிழ் முதல். அதுல எனக்குப் பிடிச்சது வெற்றி இல்ல. குறைஞ்சது 300 சொல் இருக்கணும், வெறும் மெஷின் மொழிபெயர்ப்பு செல்லாது, ஒவ்வொரு கட்டுரையையும் நடுவர் பார்த்தபிறகுதான் கணக்குல சேரும்னு வச்சிருந்தாங்க. கூகுள்கிட்ட சூடு பட்ட அனுபவம் வீண் போகல.

சொல் தகராறைப் பத்தி ஒரு சின்ன விஷயம், ஏன்னா கமெண்ட்ல நிச்சயம் வரும். "இரத்தமா குருதியா?" "டைபாய்டா நெருப்புக் காய்ச்சலா?" இலங்கைத் தமிழர் நெருப்புக் காய்ச்சல்ம்பாங்க, கொசுவை நுளம்புன்னும் சர்க்கரை நோயைச் சலரோகம்னும் சொல்வாங்க. தமிழ் விக்கிப்பீடியா ரெண்டு நாட்டுக்காரங்களும் சேர்ந்து கட்டினது, அதனால இந்தச் சண்டை பழசு. எனக்கு எந்தச் சொல் ஜெயிச்சாலும் சரி. தேடுறவர் எந்தச் சொல்லைத் தட்டினாலும் அதே பக்கத்துக்கு வந்து சேரணும். வழிமாற்றுன்னு அதுக்கு வசதி இருக்கு. முதல் வரியிலேயே மக்கள் பேசுற எல்லாப் பேரையும் போட்டுடணும், "சுகர்" உட்பட. தூய தமிழ்ப் பேர் மட்டும் வச்சிட்டு பேஷண்ட் கண்டுபிடிக்கலன்னா அந்தப் பக்கம் யாருக்கு?

டாக்டர்கள் உள்ள இறங்கினா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஒரு நல்ல உதாரணம் சொல்லணும். ஜேம்ஸ் ஹெய்ல்மேன்னு கனடாவுல ஒரு அவசர சிகிச்சை டாக்டர். அவரும் இன்னும் சிலரும் இங்கிலீஷ் விக்கிப்பீடியாவுல டெங்கு கட்டுரையை எடுத்துச் செதுக்குனாங்க. அது 2014-ல ஓபன் மெடிசின்ங்கிற மருத்துவ இதழ்ல, மத்த ஆய்வுக் கட்டுரை மாதிரியே நிபுணர் பரிசீலனை முடிஞ்சு வெளியாச்சு. எல்லாரும் திருத்தலாம்ங்கிற பக்கம்தான் அது. டெங்கு நம்ம ஊர் நோய். நம்ம மொழிப் பக்கம் அந்தத் தரத்துக்கு வரணும்னு ஆசைப்படுறது அதிகமா?

தமிழ்நாட்டுல அரசு மருத்துவக் கல்லூரிகளே 36 இருக்கு. கிருஷ்ணகிரியில இருக்கிறது 2022 ஜனவரியில திறந்தது. ஒரு கல்லூரி ஒரு நோய்ப் பக்கத்தைத் தத்தெடுத்து, வருஷத்துக்கு ரெண்டு தடவை மாணவர்கள் உட்கார்ந்து வரி வரியா மூலத்தோட ஒப்பிட்டுப் பார்த்தா போதும். சமூக மருத்துவத் துறையில எப்படியும் ப்ராஜெக்ட் பண்ணத்தான் வைக்கிறாங்க. ஸ்பைரல் பைண்டிங் போட்டு அலமாரியில தூங்குறதை விட இது மேல்.

மத்தவங்களுக்கு: அடுத்த தடவை தமிழ்ல நோயைப் பத்தி எங்க படிச்சாலும், வரிக்குப் பக்கத்துல சின்ன எண் இருக்கான்னு பாருங்க. இருந்தா அழுத்துங்க, அது எங்க போகுதுன்னு பாருங்க. அரசு வழிகாட்டுதலா, மருத்துவ இதழா, இல்ல யாரோட யூடியூப் சேனலா? கடைசியா எந்த வருஷம் திருத்தியிருக்காங்கன்னு வரலாறுல பாருங்க. மருந்து அளவை அங்கேருந்து எடுக்காதீங்க, சரியாவே இருந்தாலும். தப்புன்னு பட்டா பேச்சுப் பக்கத்துல ஒரு வரி எழுதிட்டுப் போங்க. கணக்குகூட வேண்டாம்.

இந்த ஞாயித்துக்கிழமை எனக்கு டூட்டி இல்ல. காசநோய்ப் பக்கத்தையும் நாய்க்கடிப் பக்கத்தையும் எடுத்துக்கிட்டு உட்காரப் போறேன், மத்திய அரசோட இப்போதைய வழிகாட்டுதலைப் பக்கத்துல வச்சுக்கிட்டு. நர்சிங் ஸ்டூடண்ட்ஸ் ரெண்டு பேர் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. கன்னடம், தெலுங்கு எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஓசூர்க்காரங்க யாராவது சேர்ந்தா அந்த மொழிப் பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துடலாம். வர்றவங்க கமெண்ட்ல சொல்லுங்க, நேரம் போடுறேன்.